நூறு மீட்டர் காவலனின் எடை என்ன?

அறிவியல் புனைகதை எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரு கோளையே காக்கும் ராட்சதப் போர் எந்திரங்களைப் பற்றியவை இம்முறை மிகுதியாக வந்திருந்தன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படுகிறது.

என் நாவலில் வேற்றுலகப் படையை எதிர்க்க 100 மீட்டர் உயரமுள்ள மனித வடிவ எந்திரம் ஒன்று வருகிறது. அது நடக்கும், ஓடும் என்று எழுதினால் படிப்பவர் நம்புவாரா?
— வாசகர், ஈரோடு

முதலில் அந்த எந்திரத்தைத் தராசில் ஏற்றிப் பாருங்கள். 1638ஆம் ஆண்டிலேயே கலிலியோ விளக்கிவிட்ட ஒரு விதி உங்கள் காவலனுக்குக் குறுக்கே நிற்கிறது. ஓர் உருவத்தை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால், அதைத் தாங்கும் கால்களின் குறுக்குப்பரப்பு நூறு மடங்குதான் கூடும். எடையோ ஆயிரம் மடங்கு கூடிவிடும். 1.7 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் கொண்ட ஒருவரை 100 மீட்டருக்கு வளர்த்தால், உயரம் ஏறத்தாழ 59 மடங்காகும், எடை 14,000 டன்னைத் தாண்டும். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் அந்த முழு எடையும் ஒரு கணம் ஒற்றைப் பாதத்தின்மேல் இறங்குவதால், சதுர மீட்டருக்குச் சுமார் 200 டன் அழுத்தம் தரையில் விழும். சதுர மீட்டருக்கு இருபது டன் என்றாலே கட்டடப் பொறியாளர்கள் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்பார்கள். உங்கள் காவலன் வயலில் கால் வைத்தால் முழங்கால்வரை புதைந்துவிடுவான். ஓடுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

இதே எடையுள்ள எந்திரம் ஒன்று உண்மையிலேயே நகர்கிறது என்பதுதான் வேடிக்கை. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் மண் வெட்டும் பாகர் 288 என்னும் எந்திரத்தின் எடை 13,500 டன். அது நிற்பது 12 சங்கிலிப் பட்டைகளின்மேல். ஒவ்வொரு பட்டையும் 3.8 மீட்டர் அகலம். எடை அவ்வளவு பரந்து விழுவதால் தரையழுத்தம் சதுர மீட்டருக்கு 17 டன் அளவிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு அது தரும் விலை வேகம்: மணிக்கு அரை கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். மறுபக்கம், மனித வடிவத்துக்கு உதாரணமாக யோகோஹாமா துறைமுகத்தில் 2020 இறுதியிலிருந்து 2024 மார்ச் வரை காட்சிக்கு நின்ற 18 மீட்டர் ரோபோவைச் சொல்லலாம். 25 டன் எடைகொண்ட அது கையைத் தூக்கியது, காலை மடக்கியது. ஆனால் அதன் இடுப்பைப் பின்னாலிருந்து ஓர் எஃகுச் சட்டகம் தாங்கிக்கொண்டே இருந்தது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. காவலனின் வடிவத்தை மாற்றி, பல கால்களையோ அகன்ற பட்டைகளையோ கொடுக்கலாம்; அல்லது கதைக்களத்தை மாற்றலாம். நிலவில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு என்பதால் அதே அழுத்தம் சதுர மீட்டருக்கு 35 டன்னுக்குக் குறைந்துவிடும். கெட்டியான பாறை அதைத் தாராளமாகத் தாங்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டாவது வழியைத்தான் எடுப்பேன், ஏனெனில் மனித வடிவத்தின் கம்பீரத்தை இழக்க எந்த நாவலாசிரியருக்கும் மனம் வராது.

தரையிலிருந்து விண்கலங்களைச் சுட்டு வீழ்த்தும் மாபெரும் பீரங்கி ஒன்றைக் கற்பனை செய்திருக்கிறேன். இதற்கு வரலாற்றில் முன்மாதிரி உண்டா?
— வாசகி, நாகர்கோவில்

உண்டு, இரண்டைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் மாதம் கருங்கடல் துறைமுகமாகிய செவஸ்தபோல் முற்றுகையில் ஜெர்மானியர் பயன்படுத்திய குஸ்டாவ் ரயில் பீரங்கியின் எடை 1,350 டன், குழலின் விட்டம் 80 சென்டிமீட்டர், கான்கிரீட்டைத் துளைக்கும் அதன் குண்டு ஒன்றின் எடை ஏழு டன். அங்கே அது வீசியவை 48 குண்டுகள் மட்டுமே. அதற்காக இணையாக இரண்டு தண்டவாளங்கள் போடப்பட்டன, குழல் தனியாகவும் பீடம் தனியாகவும் ரயிலில் வந்து அங்கே பூட்டப்பட்டன. தண்டவாளம் போடவும் காவல் காக்கவும் வான்தாக்குதலைத் தடுக்கவும் ஆயிரக்கணக்கானோர் அமர்த்தப்பட்டனர். உங்கள் கதையில் பீரங்கியைச் சுற்றி இந்தக் கூட்டம் இருக்கட்டும். குண்டு பாய்வது ஒரு வரி. அதற்காக மூன்று வாரம் வெயிலில் மண் சுமந்தவர்கள்தான் அத்தியாயம்.

இரண்டாவது உதாரணம் உங்கள் தேவைக்கு இன்னும் நெருக்கமானது. ஜெரால்டு புல் என்னும் கனடியப் பொறியாளரின் குழு, கடற்படைப் பீரங்கியின் குழல்கள் இரண்டை ஒன்றோடொன்று பற்றவைத்து நீளமாக்கி, 1966 நவம்பரில் அமெரிக்காவின் அரிசோனாவில் 180 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு எறிபொருளைச் சுட்டது. விண்வெளியின் எல்லையாகக் கொள்ளப்படும் 100 கிலோமீட்டரை அது கடந்துவிட்டது என்றாலும், குழலைவிட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்குச் சுமார் 2.1 கிலோமீட்டர்தான். பூமியின் ஈர்ப்பிலிருந்து முற்றிலும் விடுபட நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேண்டும். அந்த வேகத்தில் கடல்மட்டத்துக் காற்றுக்குள் பாயும் குண்டு வழியிலேயே உருகி உருக்குலையும். கோளின் தரையில் நிற்பவர் கிணற்றுக்குள் நின்று மேலே கல்லெறிபவரின் நிலையில்தான் எப்போதும் இருக்கிறார்.

ஆனால் இதே பீரங்கியை நிலவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே காற்று இல்லை. விடுபடு வேகம் நொடிக்கு 2.4 கிலோமீட்டர், தாழ்வான சுற்றுப்பாதைக்கு 1.7 கிலோமீட்டரே போதும். 1966ஆம் ஆண்டின் இரும்புக் குழல் அங்கே நின்றால், நிலவைத் தாழ்வாகச் சுற்றிவரும் எதையும் எட்டிவிடும்! ஒரு கோளைக் காக்கும் பீரங்கிகள் அதன் துணைக்கோளில் இருப்பதே பொருத்தம். துணைக்கோளைக் கையில் வைத்திருப்பவருக்கும் கீழே கோளில் வாழ்பவர்களுக்கும் இடையே என்ன நடக்கும் என்பதில் உங்கள் நாவலின் அரசியல் தானாகவே பிறந்துவிடும்.

சுற்றுப்பாதையில் லேசர் கோட்டை ஒன்றை வைத்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லையே? விண்வெளியோ குளிர்ந்தது, லேசருக்கு எல்லையும் இல்லை.
— கல்லூரி மாணவர், திருச்சி

இரண்டு நம்பிக்கைகளும் தவறானவை, தம்பி. லேசர் கற்றை தொலைவு கூடக்கூட விரியும். பத்து மீட்டர் விட்டமுள்ள மிகத் துல்லியமான ஆடியிலிருந்து புறப்படும் அகச்சிவப்பு லேசர், 1,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சாண் அகலப் புள்ளியாக விழும்; நிலவின் தொலைவில் அதுவே 90 மீட்டருக்கு மேல் பரந்துவிடும். கிட்டத்தில் எஃகை உருக்குவது எட்டத்தில் வெறும் வெளிச்சமாகிவிடும் என்பதால், உங்கள் கோட்டைக்கு ஒரு கொலை எல்லை இருக்கிறது. எதிரிக்கும் அது தெரிந்திருக்கும்.

வெப்பம் இன்னும் பெரிய தொல்லை. வெற்றிடத்தில் சூட்டைக் கொண்டுபோகக் காற்றோ நீரோ இல்லை. கதிர்வீச்சாக மட்டுமே அது வெளியேற முடியும். 1,000 மெகாவாட் ஒளியைப் பாய்ச்சும் லேசர், பெறும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கையே ஒளியாக மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 2,000 மெகாவாட் கோட்டைக்குள்ளேயே சூடாகத் தங்கும். அதை வெளியேற்ற, 700 பாகை செல்சியசைத் தாண்டிச் சிவந்து ஒளிரும் தகடுகள் நான்கு ஏக்கருக்கு மேல் விரிந்திருக்க வேண்டும். அந்தத் தகடுகளுக்குக் கவசம் போட முடியாது. போட்டால் வெப்பம் வெளியேறாது. எதிரி குறிவைக்கும் இடம் எது என்று இனி நீங்கள் யோசிக்கத் தேவையில்லை.

சோவியத் ஒன்றியம் இதையெல்லாம் சிறிய அளவில் முயன்றிருக்கிறது. 1974இல் ஏவப்பட்ட சல்யூத் 3 நிலையத்தில் ஒரு சிறு பீரங்கி பொருத்தப்பட்டிருந்தது. அதைக் குறிபார்க்க நிலையத்தையே திருப்ப வேண்டியிருந்தது. 1975 ஜனவரியில், உள்ளே ஆள் இல்லாத நேரத்தில்தான் அதைச் சுட்டுப் பார்த்தார்கள். 1987 மே 15 அன்று, லேசர் போர் நிலையத்தின் முன்மாதிரியாகிய 80 டன் எடையுள்ள போலியுஸ் ஏவப்பட்டது. ராக்கெட்டிலிருந்து பிரிந்ததும் அது அரைவட்டம் திரும்பித் தன் எஞ்சினை இயக்கியிருக்க வேண்டும். முழுவட்டம் சுற்றிவிட்டுத் தவறான திசையில் இயக்கியதால் வேகம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்து, பசிபிக் கடலில் விழுந்தது. இப்படியொரு விபத்தை நாவலில் நாமே எழுதினால் பதிப்பாசிரியர் நம்ப மறுப்பார்.

எந்திரத்துக்குள் மனிதர் அமர்ந்தே ஆக வேண்டுமா?
— வாசகர், புதுச்சேரி

தொலைவைப் பொறுத்தது. நிலவுக்கு ஒரு கட்டளை போய்ச்சேர 1.3 நொடி ஆகும். செவ்வாய்க்கு, கோள்களின் இருப்பைப் பொறுத்து, மூன்று முதல் 22 நிமிடம்வரை ஆகும். நிலவில் உள்ள எந்திரத்தைப் பூமியிலிருந்து தட்டுத்தடுமாறியாவது இயக்கலாம். செவ்வாய் அருகே உள்ளதற்கு ஒன்று ஆள் வேண்டும், அல்லது சுடும் அதிகாரத்தை எந்திரத்திடமே கொடுத்துவிட வேண்டும். கொடுப்பது யார், எந்தச் சட்டத்தின்கீழ் என்பதை மட்டும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.

எதிரி கப்பலில் வராமல், ஒரு சிறுகோளைத் தள்ளிவிட்டால் எந்த எந்திரம் காக்கும்?
— ஆசிரியை, தஞ்சாவூர்

எனக்கு வந்ததில் மிக நல்ல கேள்வி இது. இந்த ஒரு காவல் வேலையை மனிதர்கள் உண்மையாகவே ஒத்திகை பார்த்துவிட்டார்கள். 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்னும் சிறுகோளின்மீது நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் மோதியது. டிடிமாஸ் என்னும் பெரிய சிறுகோளை 11 மணி 55 நிமிடத்தில் சுற்றிவந்த டைமார்ஃபஸ், அதன்பின் 32 நிமிடம் முன்னதாகவே ஒரு சுற்றை முடிக்கலாயிற்று. மோதிய கலத்தின் எடை அரை டன்னுக்குச் சற்றே அதிகம். ராட்சதம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

இங்கே எந்திரத்தின் பருமனைவிடக் காலம்தான் பெரிய ஆயுதம். வரும் பாறையின் வேகத்தை நொடிக்கு வெறும் 2 சென்டிமீட்டர் மாற்றினாலும், பத்தாண்டில் அது நேர்க்கணக்கில் 6,300 கிலோமீட்டர் விலகும். பூமியின் ஆரம் ஏறத்தாழ அவ்வளவுதான். பத்து நாள் இருக்கும்போது கண்டுபிடித்தாலோ எந்தக் கோட்டையாலும் பயனில்லை. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த சுமார் 20 மீட்டர் பாறையை முன்கூட்டி யாருமே பார்க்கவில்லை, ஏனெனில் அது சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தனர், பெரும்பாலோர் உடைந்த சன்னல் கண்ணாடியால். உங்கள் எதிரிக்குக் கொஞ்சம் மூளை இருந்தால் அதே திசையிலிருந்துதான் கல்லை அனுப்புவான். எனவே கோளின் முதல் காவல் எந்திரமாக, சூரியனுக்கு அருகே நின்று வெளிப்புறம் நோக்கும் ஒரு தொலைநோக்கியை வையுங்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் கதையில் எழுதினால் வாசகர் ஓடிவிட மாட்டாரா?
— வாசகர், சேலம்

கணக்கு உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். கதைக்குள் அதன் விளைவு மட்டும் வரட்டும். மேலே சொன்ன பாகர் 288, 2001ஆம் ஆண்டு ஒரு சுரங்கத்திலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு சுரங்கத்துக்குச் சென்றது. பயணத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. வழியில் ஓர் ஆற்றைக் கடக்க, நீர் போக எஃகுக் குழாய்களை இட்டு, மேலே கல்லும் சரளையும் கொட்டிப் பாதை அமைத்தார்கள்; வயல்வெளியில் மண் பெயராமல் இருக்க முன்கூட்டியே புல் விதைத்தார்கள். உங்கள் போர் எந்திரம் வரும் பாதையில் ஆறு மாதம் முன்பே அரசாங்கம் புல் விதைக்கிறது, எதற்கென்று ஊராருக்குச் சொல்லவில்லை என்று முதல் அத்தியாயத்தை எழுதிப் பாருங்கள். 14,000 டன் என்ற எண்ணை எங்குமே சொல்ல வேண்டியிருக்காது.