டியூஷனால்தான் மார்க் ஏறியதா?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் எப்போதும் 70-ஐ ஒட்டி எடுப்பவள், ஒரு தேர்வில் 48 எடுத்தாள். உடனே டியூஷனில் சேர்த்தோம். அடுத்த தேர்வில் 71. "பார்த்தாயா, டியூஷன் வேலை செய்கிறது" என்கிறார் கணவர். இப்போது நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுக்கும் ஒரு பள்ளிக்கு மாற்றச் சொல்கிறார். அங்கே எல்லோரும் 90-க்கு மேல் எடுக்கிறார்களாம். அவர் பேச்சில் ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.
- ஒரு வாசகி

பதில்: உங்களுக்கு இடிப்பது நியாயம்தான். ஆனால் கணவர் காட்டும் காரணத்தில் ஓட்டை இருப்பதாலேயே அவர் முடிவும் தப்பாகிவிடாது. டியூஷன் உண்மையிலேயே உதவியிருக்கலாம். இந்த இரண்டு மார்க்கை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

வழக்கமாக 70 எடுக்கிற பிள்ளை 48-க்கு இறங்கினால், பல கெட்ட நேரங்கள் ஒன்றுசேர்ந்திருக்கும். முந்தின இரவு தூக்கமில்லை, படிக்காமல் விட்ட பாடத்திலிருந்தே பெரிய கேள்வி, இரண்டு இடத்தில் கூட்டல் பிசகு. அடுத்த தடவையும் இத்தனையும் ஒன்றாக வருவது அபூர்வம். ஆக, யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும் மார்க் 70 பக்கம் திரும்ப வாய்ப்பு அதிகம். நாம் டியூஷனைத் தேடுவதோ மார்க் அடிமட்டத்தில் இருக்கும்போதுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்போமே, இங்கே காக்கை பழம் விழப்போகிற நேரம் பார்த்தே வந்து உட்காருகிறது.

உளவியலாளர் டேனியல் கானமனிடம் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர் ஒருவர், "பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள்" என்று அடித்துச் சொன்னாராம். இரண்டிலும் மாணவர்கள் தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள் என்பதே கானமனின் விளக்கம். திட்டித் திருத்தியதாகப் பெருமைப்படும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்.

டியூஷன் பலன் தருகிறதா என்று தெரிய வேண்டுமானால், அந்த 48 மார்க் விடைத்தாளை எடுங்கள். தப்பாய்ப் போன கணக்குகளை எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்து, தனியாகப் போடுகிறாளா என்று பாருங்கள். மொத்த மார்க் சொல்லாததை அது சொல்லும்.

அடுத்து, பள்ளி விவகாரம். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, "எங்களிடம் எல்லோரும் நன்றாகப் படிக்கிறார்கள்" என்றால் அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு? இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத் தேர்வு வைக்கும் பெயர்பெற்ற அரசுப் பள்ளிகள் உண்டு. கட்-ஆஃப் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 எடுத்த பிள்ளை உள்ளே, 79 எடுத்த பிள்ளை வெளியே. ஒரு மார்க்கில் அறிவு என்ன பெரிதாக மாறிவிடும்? கிட்டத்தட்ட ஒரே மாதிரிப் பிள்ளைகள், பள்ளி மட்டும் வேறு. கோட்டின் இருபுறமும் நின்ற இப்படிப்பட்டவர்களைப் பொருளியலாளர்கள் சிலர் ஒப்பிட்டு, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். உள்ளே போனவர்களுக்குக் கெட்டிக்கார சகமாணவர்கள் கிடைத்தார்கள். ஆனால் பிற்பாடு எழுதிய பொதுத் தேர்வுகளின் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் பெரும்பாலும் இல்லை. கோட்டுக்கு வெகு மேலே இருப்பவர்களைப் பற்றி இந்த ஆய்வு அதிகம் சொல்லாது, எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்றும் இல்லை. ஆனால் "அங்கே எல்லோரும் 90" என்ற பேச்சுக்கு இது போதும்.

காரணம் தலைகீழாகவும் இருக்கும். பெற்றோர் வீட்டுப்பாடத்தில் நிறைய உதவும் பிள்ளைகள் மார்க் குறைவாக வாங்குவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. உதவி கெடுத்தது என்று பாய்ந்துவிடக் கூடாது. திணறும் பிள்ளைக்குத்தானே உட்கார்ந்து சொல்லித் தருவோம்!

கணவரிடம் தர்க்கம் பேசி மடக்க வேண்டாம், வீட்டில் அது எடுபடாது. இருவருமாக அந்தப் பள்ளிக்கே போய்க் கேளுங்கள். இந்த 90-காரர்கள் சேரும்போது எவ்வளவு எடுத்திருந்தார்கள்? அவர்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசித் தேர்வு வரை அங்கேயே இருந்தார்கள்? நடுவில் சுமாரானவர்களை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டால் சராசரி தானாக ஏறிவிடும்.

அப்புறம், அங்கே போக உங்கள் மகளுக்கு விருப்பமா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதையும் கேட்டுவிடுங்கள்.