வடசேரி சந்தைக்குப் போகும் முன்: காய், கிழங்கு, பழம் கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டம் தோவாளைப் பக்கம் கீரையும் பயறும் வாழையும் போட்டு, வடசேரி உழவர் சந்தையில் விற்கிற குடும்பம் எங்களுடையது. நல்லதாகப் பார்த்து வாங்குவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

நாகர்கோவிலிலிருந்து: அக்கா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிட்டு வர ஒன்பது மணி தாண்டிருது. அப்போ கீரை எல்லாம் வாடிக் கிடக்கு. என்ன செய்ய?

கீரைன்னா வெள்ளென வந்தால்தான் உண்டு. முந்தின நாள் சாயங்காலமோ விடியும் முன்னோ பறிச்சதுதான் காலையில வருது, வெயில் ஏறினா துவண்டுரும். பிந்தி வர்ற நாள்ல கீரைக்கு ஆசைப்படாதீங்க. தடியங்காய் (வெள்ளைப் பூசணி), சேனை, காச்சில் (ஒரு வகை வள்ளிக்கிழங்கு), வாழைக்காய் வாங்குங்க. இதெல்லாம் ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் கெட்டுப்போகாது. கீரை வேணும்னா வாரத்துல ஒரு நாள் வீட்டுல வேற யாரையாவது அனுப்புங்க.

தக்கலையிலிருந்து: தெருமுனைக் கடையிலயும் இதே காய்தானே இருக்கு? உழவர் சந்தைக்குன்னு பஸ் ஏறி வரணுமா?

எல்லாக் காய்க்கும் வர வேண்டாம். ஆனா இங்க என்ன வித்தியாசம்னு தெரிஞ்சுக்கோங்க. 1999 நவம்பர் 14 அன்னைக்கு மதுரையில முதல் உழவர் சந்தை திறந்தாங்க. விளைவிச்சவரே இடைத்தரகு இல்லாம நேரா விற்கணும்கிறதுதான் அதோட நோக்கம். விவசாயம் செய்யறோமான்னு அதிகாரிகள் பார்த்துத்தான் எங்களுக்கு அடையாள அட்டை தர்றாங்க. கடைக்கு வாடகை கிடையாது, தராசும் அங்கேயே தந்திருவாங்க. மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவுல ஒரு விலை வச்சு தினமும் காலையில பலகையில எழுதிப் போடுவாங்க. முதல்ல அந்தப் பலகையைப் பார்த்துட்டு உள்ள வாங்க. யாராவது கூடுதலாக் கேட்டா சந்தை அலுவலகத்துல சொல்லுங்க, சங்கடப்பட வேண்டாம்.

விலையை விடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. "இது எந்த ஊர்ல விளைஞ்சது, எப்போ பறிச்சது?"ன்னு விளைவிச்சவர்கிட்டயே கேட்கலாம். தெருமுனைக் கடைக்காரருக்கு அது தெரிஞ்சிருக்க வழியில்ல.

குலசேகரத்திலிருந்து: பிள்ளைகளுக்குக் கேரட், பீன்ஸ், பீட்ரூட்தான் சத்துன்னு வாரம் முழுக்க அதையே வாங்கறேன். சரிதானா?

சத்து உண்டு, வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி குளிர் மலையில விளைஞ்சு, மூட்டை கட்டி, லாரியில ஏறி, மொத்தச் சந்தை வழியா நம்ம கைக்கு வருது. பறிச்சு எத்தனையோ நாள் ஆகியிருக்கும். நம்ம மண்ணுல காலையில பறிச்ச நீளப் பயறு, வழுதலங்காய் (கத்தரிக்காய்), புடலங்காய், கோவைக்காய், முருங்கைக்காயை விட்டுட்டு அது ஒண்ணே சத்துன்னு நினைக்கிறதுதான் எனக்கு வருத்தம். நம்ம அவியலையே பாருங்க. கேரட் இல்லாமலே தடியங்காய், சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், வெள்ளரிக்காய்னு அத்தனையும் இங்க விளையறது. வாரத்துல ரெண்டு நாள் மலைக்காய், மத்த நாள் நாட்டுக்காய்னு மாத்திப் பாருங்க.

கருங்கலிலிருந்து: வாழைப்பழத்தை மருந்து வச்சுப் பழுக்க வைக்கிறாங்கன்னு பயமா இருக்கு. கைக்குழந்தைக்குக் கொடுக்கணும். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பயத்துல அர்த்தம் இருக்கு. கார்பைடு கல் வச்சுப் பழுக்க வைக்கிறதுக்குத் தடை இருக்கு. எத்திலீன் வாயு அளவோட பயன்படுத்த அனுமதி உண்டு, அது பழம் தானாவே விடுற வாயுதான். தோல் ஒரே சீரா மஞ்சளா இருந்து உள்ள கட்டியா, மணமே இல்லாம இருந்தா சந்தேகப்படலாம். ஆனா கண்ணால பார்த்து உறுதியாச் சொல்ல முடியாது.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, பழமா வாங்காதீங்க, விளைஞ்ச காயா ஒரு சீப்பு வாங்குங்க. இளங்காய்க்கு விளிம்பு கூர்மையா இருக்கும். விளைஞ்சதுன்னா விளிம்பு மழுங்கி உருண்டு வரும். வீட்டுல வைக்கோல்லயோ அரிசிப் பானையிலயோ வச்சா தானா பழுக்கும்.

குழந்தைக்குன்னா நம்ம மட்டிப் பழம் இருக்கே! விரல் மாதிரி சின்னது, மணம் வீடு முழுக்க வரும். 2023-ல அதுக்குப் புவிசார் குறியீடும், அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள்ங்கிற அங்கீகாரமும் கிடைச்சிருக்கு. ஆறு மாசம் முடிஞ்ச குழந்தைக்கு நல்லா மசிச்சு, கொஞ்சமா ஆரம்பிங்க. ஏத்தன் பழம் (நேந்திரம்)னா ஆவியில அவிச்சு, நடுவுல இருக்கிற கருப்பு நாரை எடுத்துட்டுக் கொடுங்க. ஓணம் நெருங்கினா ஏத்தன் கேரளாவுக்குப் போகும், விலை ஏறிரும். அந்த நாள்ல மட்டி, ரசகதலி, பாளையங்கோட்டான்னு மாறிக்கோங்க.

மார்த்தாண்டத்திலிருந்து: நான் மதுரைப் பக்கத்திலிருந்து இங்க வாழ்க்கைப்பட்டு வந்தவ. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) பார்த்து வாங்கத் தெரியல, மதினி.

பழகிட்டா விடமாட்டீங்க! தோல்ல மண் ஈரமா ஒட்டியிருக்கணும். ஒண்ணை ஒடிச்சுக் காட்டச் சொல்லுங்க. சடக்குன்னு ஒடிஞ்சு உள்ள வெள்ளை வெளேர்னு இருந்தா புதுசு. நீலமோ கருப்போ கோடு ஓடியிருந்தா பிடுங்கி நாளாச்சுன்னு அர்த்தம். ரெண்டு மூணு நாள்லயே அந்தக் கோடு வந்துரும், அதனால அன்னன்னைக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்க.

சமைக்கிறதுல ஒரு கவனம். இந்தக் கிழங்குல இயற்கையாவே சயனைடு உண்டாக்குற பொருள் உண்டு, கசப்பு ரகத்துல அதிகம். பட்டையை முழுசா உரிச்சு, துண்டு போட்டு, நிறைய தண்ணி விட்டு, மூடாம நல்லா வேகவச்சு அந்தத் தண்ணியை வடிச்சுக் கொட்டிருங்க. பச்சையாத் தின்னவே கூடாது, கசந்தா தூரப் போட்டிருங்க. சாளை (மத்தி மீன்) கறி கூட வச்சுச் சாப்பிட்டுப் பாருங்க. வீட்டுல சர்க்கரை நோய் உள்ளவங்க இருந்தா சோறும் கிழங்கும் சேர்த்து வேண்டாம், அளவாக் கொடுங்க.

பூதப்பாண்டியிலிருந்து: ஓட்டை விழுந்த கீரைதான் மருந்தடிக்காதது, சரியா?

அப்படி நம்ப முடியாது. பூச்சி தின்ன பிறகும் மருந்து அடிப்பாங்க. விற்கிறவர்கிட்டயே "கடைசியா எப்போ, என்ன அடிச்சீங்க?"ன்னு கேளுங்க. நாங்க வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கிறோம், கேட்டா மறைக்காமச் சொல்வோம். வீட்டுல ஓடுற தண்ணியில நாலஞ்சு தடவை அலசுங்க. உப்புத் தண்ணி புழுவையும் மண்ணையும் போக்கும், இலைக்குள்ள இறங்கின மருந்தை எடுக்காது.

திங்கள்சந்தையிலிருந்து: வாங்கின தேன் அடியில உறைஞ்சு கிடக்கு. சீனி கலந்ததா?

உறையறது கலப்படத்துக்கு அடையாளம் இல்ல. சுத்தமான தேனும் உறையும். நம்ம மாவட்டத்துல ரப்பர் தளிர் விடுற தை, மாசி மாசங்கள்லதான் தேன் கூடுதலாக் கிடைக்கும். பாட்டிலை இளஞ்சூட்டுத் தண்ணியில வச்சா இளகிரும், அடுப்புல வைக்காதீங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனும் தொட்டு வைக்கவே கூடாது.