பட்டறைப் பதில்கள்: உப்புக் காற்றும் ஜீப் தகடும்

மழைக்காலம் முடிந்து தை பிறந்தால் தூத்துக்குடியில் என் டிங்கர் பட்டறை வாசலில் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். கடிதங்களும் அப்படித்தான். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் துருவைப் பற்றியே. நான்கை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்குப் பதில் நீளமாகத்தான் இருக்கும், அது எங்கள் ஊர்க் காற்றில் நிற்கிற வண்டி.

அண்ணாச்சி, என்னிடம் 1996 மாடல் மகிந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. மாமாவிடமிருந்து வந்தது. தினமும் உப்பளத்துக்குப் போகும், மாதத்தில் இரண்டு மூன்று தடவை கடற்கரை மணலில் இறங்கும். போன வாரம் ரப்பர் மேட்டைத் தூக்கினால், டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தகடு இத்துப்போய் ரோடு தெரிகிறது. ஒரு டிங்கர், மேலே அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்து ஓரத்தில் பட்டி பூசிவிடலாம், ஒரே நாள் வேலை என்கிறார். இன்னொருவர் வெட்டித்தான் எடுக்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், ஆறுமுகநேரி

தம்பி, இரண்டாமவர் பேச்சைக் கேளுங்கள்.

எனக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது, அப்பா வெளியூர் போயிருந்த நேரத்தில், ஒரு மீன் வியாபாரியின் ஜீப்புக்கு நானே இதே வேலையைச் செய்து கொடுத்தேன். துருவின் மேலே தகடு, ரிவெட், பட்டி, பெயின்ட். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஐப்பசியில் போன வண்டி மாசியில் திரும்பி வந்தது. தகட்டைக் கழற்றினால் அடியில் இருந்த ஓட்டை மூன்று மடங்காகியிருந்தது, பக்கத்தில் சீட்டு போல்ட் இறங்கும் இடமும் பொடிந்திருந்தது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பைசா வாங்காமல் முழுத் தரையையும் என்னையே வெட்டி மாற்ற வைத்தார். அந்தப் பன்னிரண்டு நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், இரண்டு தகட்டுக்கு நடுவில் நூல் அளவு சந்து இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். வெளியே வர வழி இருக்காது. அதிலும் நம் ஊர்த் தண்ணீரில் உப்பு. மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கு அவ்வளவு ஈரம்கூடத் தேவையில்லை. ஆகவே மழையே இல்லாத நாளிலும் உங்கள் ஜீப்பின் தரை இரவெல்லாம் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. பட்டியும் உதவாது. அதில் பாதி மாக்கல் தூள், ஈரத்தை உறிஞ்சும். பள்ளத்தைச் சமன் செய்யத்தான் பட்டி, ஓட்டையை அடைக்க இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை கழுவுவது. கிரைண்டரைத் தொடும் முன்பே கழுவ வேண்டும். உப்பு இருக்கும்போதே தேய்த்தால் அது துருக் குழிகளுக்குள் அழுந்திவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் அடியிலிருந்து கொப்பளிக்கும். கழுவுவது நல்ல தண்ணீரில் இருக்கட்டும். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதில் ஜீப்பைக் கழுவுவது உப்பைப் பூசுவதற்குச் சமம். லாரித் தண்ணீர் வாங்கியாவது நல்ல தண்ணீர் பிடியுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து கழுவி, மூன்றாம் நாள் வெயிலில் காயவிடுங்கள்.

அப்புறம் சீட், மேட், ஒலி அடங்க ஒட்டிய ஃபெல்ட் துணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சின்னச் சுத்தியலால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். இத்த தகடு சத்தம் செத்துப்போய்க் கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள். உள்ளே போனால் அந்த இடம் போனதுதான். ஓட்டை உள்ளங்கை அளவு இருந்தால் கெட்ட தகடு இரண்டு கை அகலம் இருக்கும், இது என் அனுபவம். வண்டிக்கு அடியில் படுத்து, தரையைத் தாங்கும் குறுக்குப் பட்டைகளையும் பாருங்கள். தொப்பி போல மடித்த பட்டைகள் அவை, சேறு போய் அடைத்துக்கொண்டால் காயவே காயாது. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இந்தப் பட்டைக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். மரம் தண்ணீரைக் குடித்துத் தரையை உள்ளிருந்தே தின்றது. 1947இல் மகிந்திரா நம் நாட்டில் பூட்ட ஆரம்பித்தது அந்த வில்லிஸ் வம்சத்து ஜீப்புகளைத்தான். மரம் போய்விட்டாலும் பட்டையின் வடிவம் அதேதான், சேறு அடைக்கிற இடமும் அதேதான்.

சீட்டும் சீட் பெல்ட்டும் போல்ட் ஆகும் இடம் இத்துப்போயிருந்தால், வேலை முடியும்வரை வண்டியை எடுக்காதீர்கள். சடன் பிரேக் போட்டால் சீட் ஆளோடு பெயர்ந்து வரும்.

வெட்டும்போது துரு முடிந்து பளிச்சென்று இரும்பு தெரிகிற இடத்திலிருந்து இன்னும் ஓர் அங்குலம் தள்ளி வெட்டச் சொல்லுங்கள். மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும், கூர் மூலையில் பிற்பாடு வெடிப்பு விடும். புதுத் தகடு 18 கேஜ் சி.ஆர். ஷீட்டாக (சூடாக்காமல் உருட்டி எடுத்த எஃகுத் தகடு) இருக்கட்டும், அதாவது 1.2 மில்லிமீட்டர் கனம். அதைவிட மெல்லிய 20 கேஜ் மலிவு, வளைக்கவும் சுலபம், ஆனால் உப்பளத்து ரப்பர் பூட்ஸோடு ஏறி இறங்குகிற தரைக்கு அது தாங்காது. கேஸ் வெல்டிங் வேண்டாம், சூடு பரவித் தகடு நெளிந்துவிடும். சி.ஓ.2 வெல்டிங் (கரியமில வாயு பாய்ச்சி மெல்லிய கம்பியால் வைப்பது) வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். ஒரே ஓட்டமாக இழுக்காமல் இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று சூடு ஆற ஆற வைக்க வேண்டும். பத்து நாள் என்று அவர் சொன்னதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். பல பழைய ஜீப்புகளில் எரிபொருள் டேங்க் டிரைவர் சீட்டுக்குக் கீழேயேதான் இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்று பார்த்து, வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கமென்றால் டேங்க்கையே இறக்கி வெளியே வைக்கச் சொல்லுங்கள். "ஒன்றும் ஆகாது அண்ணாச்சி" என்று சொல்லும் பையன்களை நான் பட்டறைக்குள் விடுவதில்லை.

வெல்டிங் தேய்த்து முடித்த அன்றே எபாக்சி பிரைமர் (ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு) இரண்டு கோட் ஏற வேண்டும், மேலும் கீழும். வெறும் இரும்பை ஒரு ராத்திரி நம் காற்றில் விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ரெட் ஆக்சைடு வீட்டு ஜன்னல் கம்பிக்குச் சரி, இதற்குப் போதாது. பிரைமருக்கு மேல் இணைப்புகளில் சந்தை அடைக்கும் சீலர், அதற்கு மேல் பெயின்ட். குறுக்குப் பட்டைகளுக்குள் நீண்ட குழாய் வைத்து மெழுகுப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். தரையில் தண்ணீர் போகும் ஓட்டைகளைப் புதுத் தகட்டிலும் விட மறக்கக்கூடாது. பலர் அதை அடைத்துவிட்டு, தண்ணீர் வராது என்று சந்தோஷப்படுகிறார்கள். வந்த தண்ணீர் எப்படிப் போகும்?

ஓட்டை விழாமல் குழி மட்டும் விழுந்த இடங்களுக்குத் துருவைக் கறுப்பாக்கும் மருந்து கடையில் கிடைக்கும். பாஸ்பாரிக் அமிலத்தில் ஒரு வகை, டானின் சேர்ந்தது ஒரு வகை. டானின் நமக்குப் புதிதில்லை. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைப் போட்டுக் கறுப்பு மை எடுத்தார்களே, அதே வேலைதான் இங்கேயும். உதிர் துருவை வயர் பிரஷ்ஷால் எடுத்தபின் போட்டால் நன்றாகப் பிடிக்கும். இத்துப்போன தகட்டை அது திரும்ப இரும்பாக்காது.

இன்னும் ஒன்று. சேஸ் நம்பர் குத்தியிருக்கும் இடத்தில் கிரைண்டர் படக்கூடாது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்போது அந்த நம்பரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே துரு இருந்தால் கையால் மென்மையாகத் துடைத்து, மருந்து போட்டு, கிரீஸ் தடவி வைத்தால் போதும்.

ரப்பர் மேட்டை மறுபடி போடுங்கள், ஆனால் ஒட்டாதீர்கள். வாரத்துக்கு ஒருநாள் தூக்கிக் கம்பியில் காயப்போடுங்கள்.

ஐயா, எங்களுடைய பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் பின்கதவில், அடி ஓரத்தில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக வந்தது. தேய்த்து, புது பெயின்ட் அடித்தோம். ஆறே மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வந்துவிட்டது. இங்கே கடலும் இல்லை, உப்பும் இல்லை. ஏன்?
— வாசகி, கோத்தகிரி

அம்மா, கொப்புளம் வெளியே தெரிகிறது, துரு உள்ளே இருக்கிறது. இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு பருக்கும். உள்பக்கம் பருத்துத் தள்ளியதைத்தான் நீங்கள் வெளியே பார்த்தீர்கள். வெளியே மட்டும் தேய்த்தால் திரும்ப வரத்தான் செய்யும்.

கதவுக்குள் தண்ணீர் போவது சகஜம். கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக இறங்கி, அடியில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக வெளியேறும்படிதான் எந்தக் கதவையும் செய்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த ஓட்டைகளைச் சேறும் இலைத்தூளும் அடைத்திருக்கும். கதவின் உள் அட்டையைக் கழற்றுங்கள். கம்பியால் ஓட்டைகளைக் குத்திவிட்டு, மேலேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே கீழே சொட்ட வேண்டும். தேங்கினால் இன்னும் அடைப்பு இருக்கிறது. காய்ந்தபின் உள்பக்கத் துருவை எடுத்து, மருந்து, பிரைமர், கடைசியில் மெழுகுப் பூச்சு. வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்திருக்கும் அந்த அடி ஓரத்தில்தான் மெழுகு நன்றாக இறங்க வேண்டும். ஊசி ஓட்டைகள் தெரிந்தால் அடியில் மூன்று விரல் அகலத்துக்குத் தகடு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

வண்டியைத் தார்ப்பாயால் இறுகக் கட்டி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பனி மாதங்களில் உள்ளே ஈரம் அடைபட்டுக் கிடக்கும். நாலு பக்கமும் காற்று ஓடுகிற வெறும் கூரை அதைவிட எவ்வளவோ மேல்.

அண்ணே, ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். வருடா வருடம் அடியில் வேஸ்ட் ஆயில் அடிக்கிறோம். நல்லதா, கெட்டதா?
— வாசகர், போடிநாயக்கனூர்

எண்ணெய் தண்ணீரைத் தள்ளும், அது உண்மை. ஆனால் வேஸ்ட் ஆயில் அடியில் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைக் கெடுக்கும். தூசியைப் பிடித்துச் சேறாக ஒட்டிக்கொள்ளும், அந்தச் சேறு ஈரத்தை விடாது. என்ஜினில் வெந்து வந்த எண்ணெயில் அமிலமும் கரியும் இருக்கும். ஓடைகளைத் தாண்டிப் போகிற வண்டி நீங்கள், சொட்டுவதெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேரும். பிற்பாடு யாராவது அடியில் வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கவும் செய்யும். நிறுத்திவிடுங்கள். அந்தக் காசுக்கு மெழுகோ, ஆட்டு ரோமக் கொழுப்பில் செய்த லானோலின் பூச்சோ வாங்கலாம். அதைவிட முக்கியம், சக்கர வளைவுக்குள் அப்பும் சேற்றை வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சி எடுப்பது.

ஐயா, எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்தில் வைத்திருந்த சீரிஸ் 3 லேண்ட்ரோவரைத் திரும்ப ஓட வைக்க ஆசை. அலுமினிய பாடிதானே, துரு பிடிக்காது என்று இருந்தோம். கதவு ஓரங்களில் வெள்ளைத் தூள் கொட்டுகிறது. இது என்ன?
— வாசகர், நுவரெலியா

அதுவும் அரிப்புதான், நிறம்தான் வேறு. 1948இல் லேண்ட்ரோவர் வந்தபோது, போர் முடிந்த பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடு. அதனால் வெளித்தகட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேஸும் கதவுச் சட்டமும் எஃகுதான். இரண்டு உலோகம் ஒட்டிக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் டார்ச் பேட்டரிக்குள் நடப்பது அங்கேயும் நடக்கும். எஃகோடு ஒட்டியிருக்கும் அலுமினியம் தன்னையே கொடுத்துவிடும். அதுதான் அந்த வெள்ளைத் தூள்.

தகட்டைச் சட்டத்திலிருந்து பிரித்து, இரண்டையும் தனித்தனியாகச் சுத்தம் செய்து, தனித்தனியாக பிரைமர் அடித்து, நடுவில் மெல்லிய ரப்பரோ சீலரோ வைத்து மறுபடி சேர்க்க வேண்டும். போல்ட்டுக்கு பிளாஸ்டிக் வாஷரும் கிரீஸும் வேண்டும். அலுமினியத்தை இரும்பு வயர் பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். இரும்புத் துகள் அதில் பதிந்து புதிய அரிப்பைத் தொடங்கும். நைலான் பிரஷ் போதும்.

ஆனால் கதவு அவசரமில்லை. என்ஜினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் இருக்கிற பல்க்ஹெட் எஃகு. கால் வைக்கும் இரண்டு குழிகளும், மேலே காற்று மூடிகள் இருக்கும் ஓரமும்தான் முதலில் போகும். சேஸில் பின் குறுக்குச் சட்டத்தையும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளையும் பாருங்கள். எல்லாவற்றையும் சுத்தியலால் தட்டி, சத்தம் செத்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டங்களோடு படம் எடுத்து அனுப்பினால், எங்கே வெட்ட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அடுத்த மாதமே எழுதுகிறேன்.