வாசகர் கேள்வி: அலையோடு நீரும் வருகிறதா?

கேள்வி: அலை ஆற்றலைத்தான் கடத்தும், நீரை அன்று எனப் பள்ளியில் படித்தோம். கட்டுமரமும் அலை கடந்த பின் அதே இடத்தில்தான் ஆடுகிறது. அப்படியானால் 2004 சுனாமியில் விசைப்படகுகள் ஊருக்குள் வந்தது எப்படி? ஆழ்கடலில் அந்த அலை தெரியாது என்பதும் உண்மையா?
– நாகப்பட்டினம் வாசகர்

பதில்: பாடம் சரிதான், ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. அலை கடக்கும்போது நீர் சும்மா இருப்பதில்லை; முன்னும் பின்னும் அலைந்துவிட்டு ஏறத்தாழப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. அந்த அலைச்சல் எவ்வளவு தொலைவு என்பதே இங்கே முக்கியம்.

காற்றினால் எழும் ஒரு கடலலையின் இரு முகடுகள் 8 விநாடி இடைவெளியில் ஓரிடத்தைக் கடந்தால், அந்த 8 விநாடிதான் அதன் அலைவுக் காலம். ஆழ்கடலில் அத்தகைய அலையின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். நீளத்தைக் காலத்தால் வகுத்தால் வேகம் விநாடிக்கு 12.5 மீட்டர். மேற்பரப்பு நீரோ, அதே நேரத்தில், அலையின் உயரத்தை விட்டமாகக் கொண்ட சிறு வட்டத்தைச் சுற்றி முடிக்கிறது. ஒரு மீட்டர் உயர அலையில் கட்டுமரம் ஒரு மீட்டர்தான் நகர்ந்து திரும்பும்.

சுனாமியின் அலைவுக் காலம் நிமிடக் கணக்கில் நீள்வது. அதை 20 நிமிடம் என வைத்துக்கொள்வோம். 4,000 மீட்டர் ஆழத்தில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 200 மீட்டர், அதாவது மணிக்கு 700 கி.மீ.க்கு மேல், அலைநீளம் 240 கி.மீ. 2004 சுனாமியை எழுப்பிய நிலநடுக்கம் நிகழ்ந்து இரண்டு மணி நேரம் கழித்து இந்தியப் பெருங்கடலைக் கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்த அலை உயரமோ சுமார் 60 செ.மீ. மட்டுமே. பல நிமிடங்களில் அவ்வளவு மெல்ல ஏறி இறங்கும் கடலில், படகில் இருப்பவருக்கு எதுவும் தெரிய வழியில்லை.

இத்தகைய நீண்ட அலையின் வேகத்தைக் கடலின் ஆழமே தீர்மானிக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு 10 மீட்டராகக் குறைகிறது. அலைவுக் காலம் மட்டும் மாறாது, ஏனெனில் அதை நிர்ணயிப்பது அலை பிறந்த இடம். ஆகவே 240 கி.மீ. அலை 12 கி.மீ.க்குள் சுருங்க, அதே ஆற்றல் ஆழமற்ற நீரில் அடங்க வேண்டியிருப்பதால் வீச்சு நான்கு மடங்குக்கு மேல் உயர்கிறது. நீர் விநாடிக்கு 2 மீட்டர் அளவு வேகத்தில் ஏறத்தாழ 10 நிமிடம் ஒரே திசையில் ஓடினால், அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமாக உள்ளே வந்துவிடும். படகுகளைக் கொண்டு வந்தது இந்த ஓட்டம்தான். திரும்பும் ஓட்டமும் அதே அளவு வலியது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல் முதலில் உள்வாங்கும் என்று காத்திருப்பது ஆபத்து: அன்று தாய்லாந்துக் கரையை முதலில் அடைந்தது அகடு (அலையின் பள்ளம்), நம் கரையை அடைந்தது முகடு.

கேள்வி: சூரியனின் ஒளி வருகிறது, ஓசை வரவில்லையே?
– மதுரை வாசகர்

பதில்: ஒலிக்கு ஊடகம் வேண்டும், மின்காந்த அலையான ஒளிக்கு வேண்டாம். இடையில் காற்றே நிறைந்திருந்தாலும், ஒளி எட்டு நிமிடத்தில் கடக்கும் தொலைவைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும். அப்போதும் நம் செவிக்கு எட்டாது. சூரியனின் மேற்பரப்பு சுமார் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது, நாம் கேட்க விநாடிக்கு 20 அதிர்வாவது தேவை.