அப்பச்சியின் அட்டை யார் பையில் இருந்தது?

கேள்வி:

ஆச்சிக்கு வணக்கம். எனக்கு 41 வயது. சொந்த ஊர் பள்ளத்தூர், தொழில் காரைக்குடியில். அரையாண்டு விடுமுறையில் 74 வயதான அப்பச்சி (என் அப்பா), ஆத்தா (அம்மா), மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேராகத் துபாய்க்கு ஐந்து நாள் போய்வந்தோம். செலவு முழுவதும் என்னுடையது. அப்பச்சி நாற்பது வருடம் ஜவுளிக்கடைக் கணக்குப் பார்த்தவர்; ஆனால் வெளிநாடு அவருக்குப் புதிது. தொட்டதெல்லாம் கோளாறாகவே முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கிளம்பிப் போனால், மெட்ரோ எட்டு மணிக்குத்தான் ஓடும் என்றார்கள். மறுநாள் அப்பச்சி, ஆத்தாவின் பின்னாலேயே பெண்கள் பெட்டியில் ஏறி நின்று 100 திர்ஹம் அபராதம் கட்ட வைத்தார். அன்று மாலை ஐந்தரை மணிக்குப் புர்ஜ் கலீஃபா டிக்கெட். யூனியன் நிலையத்தில் ரயில் மாறும்போது நாங்கள் ஐந்து பேரும் ஏறிவிட்டோம். அப்பச்சி ஏறுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்தால் அவர் நடைமேடையில் இல்லை. அங்கே மெட்ரோவுக்கு டிக்கெட் நோல் கார்டுதான். எல்லாருடைய நோல் கார்டையும் பத்திரத்துக்காக நான்தான் வைத்திருந்தேன். அதனால் அவரால் வெளியே போயிருக்க முடியாது என்று தெரியும். ஆனாலும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. யாரோ ஒரு தமிழ்ப் பையனின் போனிலிருந்து தேவகோட்டையில் இருக்கும் என் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் எனக்குச் செய்தி அனுப்பிய பிறகுதான் கண்டுபிடித்தேன். பதற்றத்தில், 'சொன்ன இடத்தில் நிற்கத் தெரியாதா?' என்று பிள்ளைகள் முன்னால் கத்திவிட்டேன். கோபுர டிக்கெட் வீணாயிற்று. திரும்பும் நாளில் டெர்மினல் மாறிப் போய் அலைந்தது தனிக்கதை. ஊர் வந்து ஒரு மாதம் ஆகிறது. அப்பச்சி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முதல் நாளே படகில் போக வேண்டும் என்று கேட்டார், அதற்கு நேரமில்லாமல் போனதுதான் கோபமோ என்கிறாள் என் மனைவி. அவரை எப்படிச் சமாதானம் செய்வது? நல்ல ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா? கோடையில் சிங்கப்பூர் போக எண்ணம். அதற்காகப் பெரியவர்களின் பாஸ்போர்ட்டையும் என் பீரோவிலேயே வைத்திருக்கிறேன். ஆனால் இந்த முறை அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் நல்லதோ என்றும் தோன்றுகிறது.

பதில்:

தம்பி, பூட்டிக் கிடந்த நிலையம், அபராதம், மாறிப்போன டெர்மினல் என்று கோளாறுகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்த நீங்கள், நடுவில் ஒரு வரியைப் பொருட்படுத்தாமல் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். 'எல்லாருடைய நோல் கார்டையும் பத்திரத்துக்காக நான்தான் வைத்திருந்தேன். அதனால் அவரால் வெளியே போயிருக்க முடியாது என்று தெரியும்.' இதை எழுதும்போது உங்கள் கை சற்றேனும் தயங்கவில்லையா?

துபாய் மெட்ரோ எனக்குப் பழக்கமானதுதான். என் இளைய மகன் அங்கே வேலை பார்த்த காலத்தில் மூன்று முறை போய்த் தங்கியிருக்கிறேன். உள்ளே நுழையும்போதும் கார்டைத் தட்ட வேண்டும், வெளியேறும்போதும் தட்ட வேண்டும். எத்தனை மண்டலங்களைக் கடந்தோம் என்று பார்த்துக் கட்டணத்தைக் கழிப்பதே அந்தக் கார்டுதான். ஒரு கார்டைக் கொண்டு ஒருவர்தான் போகலாம். அப்படியானால், ஒவ்வொரு முறையும் அப்பச்சிக்காக நீங்களே கார்டைத் தட்டி, அவரை உள்ளே விட்டு, அதை உங்கள் பையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்து நாளும் அவர் அந்த ஊரில் உங்கள் கையைப் பார்த்துத்தான் நின்றார், உங்கள் கையைப் பார்த்துத்தான் நடந்தார். யூனியன் நிலையம் தரைக்கு அடியில், சிவப்புத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. மாலை வேளையில் அங்கே இருக்கும் கூட்டத்தில் நம் ஊர்ப் பங்குனித் திருவிழாதான் நினைவுக்கு வரும். அந்தக் கூட்டத்தில், கையில் டிக்கெட் இல்லாத மனிதராக, வெளியே போகவும் வழியில்லாமல், 74 வயதுப் பெரியவர் நின்றிருக்கிறார். சோதனைக்கு வருபவர் கேட்டு கார்டைக் காட்ட முடியாமல் போனால் அதற்கும் அங்கே அபராதம் உண்டு. பெண்கள் பெட்டியில் பிடிபட்டபோதே அவரிடம் கார்டைக் கேட்டிருப்பார்களே. அப்போது அவர் என்ன செய்தார்? வேறு பெட்டியில் இருந்த உங்களைக் கை காட்டினாரா? அந்த 100 திர்ஹத்தை மறக்காத நீங்கள் இதை எழுதவில்லை. உங்கள் கண்ணில் அது படவே இல்லை என்று நினைக்கிறேன்.

நாற்பது வருடம் அடுத்தவர் பணத்துக்குக் கணக்கு எழுதி, ஒரு காசு குறையாமல் ஒப்படைத்தவர் அவர். அவரிடம் 25 திர்ஹம் கார்டு பத்திரமாக இருக்காது என்று எந்த ஆதாரத்தில் முடிவு செய்தீர்கள்? கார்டு தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம், அதற்குப் பத்து நிமிடம் போதும். மனிதர் தொலைந்தார், அதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதையும் தேவகோட்டையில் இருந்த பெண்பிள்ளை தீர்த்துவைக்க வேண்டியிருந்தது.

நீங்கள் நம் நகரத்தார் வளவு வீட்டில், முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள வீட்டில், வளர்ந்தவராகத்தான் இருப்பீர்கள். நம் பெரியவர்கள் கல்யாணம் ஆன மகனை ஏன் வேறு வைத்தார்கள்? ஒரே முகப்பு, ஒரே வளவு, ஒரே கூரை. ஆனாலும் மகனுக்குத் தனி அறை, தனிச் சமையல், தனிக் கணக்கு, அந்த அறைக்குத் தனிச் சாவி. கோயிலிலும் அவன் அன்றுமுதல் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுபவன். அப்பன் எவ்வளவு பெரிய தனவந்தராக இருந்தாலும், மகன் பெயருக்கு விழுந்த புள்ளியைத் தன் பையில் போட்டுக்கொள்ள முடியாது. ஒரே வீட்டுக்குள் ஒருவர் மரியாதையை இன்னொருவர் தின்றுவிடக் கூடாது என்று கண்டுபிடித்த ஏற்பாடு அது. பெற்றவர்கள் நமக்குச் செய்த அந்த மரியாதையை, அவர்கள் தளர்ந்த காலத்தில் நாம் அவர்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. என் மாமியாருக்குக் கடைசி மூன்று வருடம் கண் சரியாகத் தெரியாது. சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருந்தது. இரண்டாம் கட்டு அறையைத் திறக்க வேண்டும் என்றால் நான் போய்க் கேட்பேன். அவர் ஒவ்வொரு சாவியாக விரலால் தடவிப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். கால் மணி நேரம் ஆகும். அடுப்பில் வைத்தது அடிப்பிடித்த நாளும் உண்டு. அதற்காக அந்தக் கொத்தை வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

மற்றக் கோளாறுகளுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமையில் மெட்ரோ காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும் என்பதும், இரண்டாவது டெர்மினலுக்கு மெட்ரோ கிடையாது, அது ஓடுதளத்துக்கு மறுபக்கம் இருக்கிறது, மூட்டை முடிச்சுகளோடு முதலாவது டெர்மினலில் இறங்கினால் டாக்ஸி பிடித்துச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதும் முந்தின இரவே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. டிக்கெட்டைத் தாளில் அச்சடித்து அப்பச்சி கையில் கொடுத்திருந்தால், கணக்குப் பார்த்த அந்தக் கண் டெர்மினல் எண்ணை விட்டிருக்காது. நீங்களோ எல்லாவற்றையும் உங்கள் போனுக்குள் வைத்திருந்திருப்பீர்கள். பெண்கள் பெட்டி விஷயத்தில் தரையில் இளஞ்சிவப்புக் குறி இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஐம்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி எந்தப் பெட்டியில் ஏறுகிறாளோ அதில் ஏறுவதுதான் அவருக்குத் தெரிந்த வழக்கம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள்.

'சொன்ன இடத்தில் நிற்கத் தெரியாதா?' என்று கேட்டீர்களே, எந்த இடத்தைச் சொல்லியிருந்தீர்கள்? அந்த ரயில் 2009 செப்டம்பர் 9 அன்று ஓடத் தொடங்கியதிலிருந்தே ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. காரைக்குடி டவுன் பஸ்ஸில் 'பெரியவர் ஏறுகிறார், பொறுங்கள்' என்று குரல் கொடுப்பதுபோல் அங்கே குரல் கொடுக்க ஆள் இல்லை. நேரம் வந்தால் கதவு மூடும். அதனால் அந்த ஊரில் ரயில் ஏறுகிற குடும்பம் எதுவானாலும் முதல் நாளே பேசிவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பிரிந்துபோனால் பின்தங்கியவர் நின்ற இடத்திலேயே நிற்பது, முன்னே போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி அதே நடைமேடைக்குத் திரும்பி வருவது. இதை நீங்கள் பேசிவைத்ததாகக் கடிதத்தில் இல்லை. பேசிவைக்காதபோது அவர் புத்தியுள்ள மனிதர் செய்வதைச் செய்தார்: ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் போனார், நம் பாஷை பேசுகிற முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார், மனப்பாடமாக இருந்த எண்ணில் மகளைக் கூப்பிட்டார். அவரை அந்த இடத்தில் நீங்கள் மெச்சியிருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் தங்கள் ஐயாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய ஒரு சம்பவத்தை, அவர் திட்டு வாங்கிய சம்பவமாக மாற்றிவிட்டீர்கள்.

828 மீட்டர் கோபுரத்தின் 124-ஆவது மாடிக்கு ஐந்தரை மணிக்கு டிக்கெட் எடுத்தால், கோபுரத்துக்கான ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகும், கோபுரத்துக்கு வழியான பேரங்காடிக்குப் போகும் மேல்நடைபாதை மட்டுமே 800 மீட்டருக்கு மேல் நீளம் என்பதையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும். அப்பச்சி பின்தங்காமல் இருந்திருந்தாலும், இரண்டு பெரியவர்களை அழைத்துக்கொண்டு நீங்கள் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். டிக்கெட் வீணானதை அவர் கணக்கில் எழுதாதீர்கள்.

இனி அந்தப் படகு. உங்கள் மனைவி உங்களைவிடக் கூர்ந்து பார்க்கிறவர். தேரா பக்கத்திலிருந்து பர் துபாய்க்குக் கழியைக் கடக்கிற அப்ரா படகுக்குக் கட்டணம் ஒரு திர்ஹம்; மரப்படகு, ஓரத்தில் கால் தொங்கப் போடாத குறையாக உட்கார்ந்தால் சில நிமிடத்தில் அக்கரை. அக்கரையில் இறங்கி நடந்தால் அல் ஃபாஹிதியின் பழைய சந்துகள், வீடுகளுக்கு மேலே காற்றைப் பிடித்துக் கீழே இறக்குவதற்காகக் கட்டிய காற்றுக் கோபுரங்கள், நடுவே முற்றம். வெயிலோடு வாழத் தெரிந்தவர்கள் கட்டிய வீடுகள் அவை. நம் செட்டிநாட்டு வீட்டுக்காரருக்கு அதை யாரும் விளக்கவே வேண்டியதில்லை. உள்ளே நுழைந்த உடனே உடம்புக்குத் தெரிந்துவிடும். கண்ணாடிக் கோபுரத்தைப் பார்த்து வியக்கலாம். ஆனால் இந்த இடத்தில்தான் உங்கள் அப்பச்சி பேசியிருப்பார், பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அவரிடம் இருந்திருக்கும். கடல் கடந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போன தலைமுறைக்கு அடுத்த தலைமுறை அவர். அந்நிய ஊரில் இறங்கியதும் அவர் முதலில் கேட்டது ஏன் படகாக இருந்தது என்று நீங்கள் அவரைக் கேட்டீர்களா? அப்ராவில் ஏறுகிறவர் தம் கையால் ஒரு காசைப் படகோட்டியிடம் கொடுத்துவிட்டு உட்காரலாம். ஆனால் அதற்கும் அவரிடம் காசு இருந்திருக்க வேண்டும். ஐந்து நாளில் ஒரு நாளாவது அவர் சட்டைப் பையில் ஒரு திர்ஹம் இருந்ததா? இதற்கு உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள்.

ஸ்மார்ட்போன் வாங்க வேண்டாம். இப்போது அதை வாங்கிக் கொடுத்தால், அவரைக் கண்டுபிடிக்க வசதியாக மாட்டிவிட்ட மணி என்றுதான் அவருக்குப் படும். அப்படிப் பட்டால் அது அவர் குற்றமில்லை. முதலில் உங்கள் பீரோவில் இருக்கும் அவருடைய பாஸ்போர்ட்டையும் ஆத்தாவின் பாஸ்போர்ட்டையும் எடுங்கள். துபாய் போய்வந்து ஒரு மாதம் ஆகியும், அடுத்த பயணத்தில் வீட்டில் விட்டுவிடலாமா என்று நீங்கள் யோசிக்கிற ஒருவருடைய பாஸ்போர்ட் உங்களிடம் எதற்கு? காலையில் அவர் முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற நேரத்தில், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்பே, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு கொடுங்கள். அவர்கள் முன்னால்தான் கத்தினீர்கள். அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும். 'பதற்றத்தில் பேசிவிட்டேன்' என்று சொல்லாதீர்கள், அது பதற்றத்தின் மேல் பழியைப் போடுவது. 'உங்கள் கார்டை நான் வாங்கி வைத்திருக்கக் கூடாது அப்பச்சி' என்று, நடந்ததை அதன் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அவர் உடனே பேசிவிடமாட்டார். பேப்பரைக்கூடக் கீழே வைக்காமல் இருக்கலாம். அதற்காக மனைவியையோ தங்கையையோ தூது அனுப்பாதீர்கள். மறுநாளும் போய் உட்காருங்கள்.

சிங்கப்பூருக்கு அவர்களை விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை என்னிடம் கேட்பதே தவறு. வர விருப்பமா என்று அப்பச்சியையும் ஆத்தாவையும் தனித்தனியாகக் கேளுங்கள். 'உங்களுக்குச் சிரமமாக இருக்குமே' என்று பதிலையும் சேர்த்துக் கேட்காதீர்கள். வருகிறேன் என்றால், எங்கே போவது என்பதில் ஒரு நாள் முழுவதையும் அவர் பொறுப்பில் விடுங்கள். 1859-இல் நகரத்தார் எழுப்பிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் அங்கே இருக்கிறது. அந்த நாளை எப்படிச் செலவிடுவது என்று அவருக்குத் தெரியும். அந்த ஊர் ரயிலிலும் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஆறு பேருக்கும் வாங்குங்கள், சிறியவனுடைய கார்டுக்கு உங்கள் பையில் இடம் கொடுங்கள், அப்பச்சிக்கு அவர் சட்டைப் பை இருக்கிறது. அதே பையில், தங்கும் ஹோட்டலின் பெயரையும் உங்கள் எண்ணையும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டும், அந்த ஊர்ப் பணத்தில் நூறு வெள்ளியும் இருக்கட்டும். செலவுக் கணக்கை அவரிடம் கேட்காதீர்கள். ஊர் திரும்பிய பிறகு அவராகவே எழுதிக் கொடுப்பார்.