மாத்திரையை நிறுத்திய தம்பிக்கு நடுக்கம்: வீட்டிலேயே சமாளிக்கலாமா?

கேள்வி: விபத்தில் ஏற்பட்ட வலிக்காகத் தொடங்கிய மார்ஃபின் வகை மாத்திரையை என் தம்பி இரண்டு ஆண்டுகளாக எடுத்துவந்தான். நேற்றுக் காலை தானாகவே நிறுத்திவிட்டான். இப்போது கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிகிறது. வாந்தி, வயிற்றுப்போக்கு. தூக்கமின்றிக் கால்களை உதறிக்கொண்டே இருக்கிறான். உயிருக்கு ஆபத்தா? மயக்கமருந்து கொடுத்து ஒரே இரவில் 'சுத்தம்' செய்யும் இடம் தெரியும் என்கிறார் ஒருவர். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். ஆளை ஆழ்ந்த மயக்கத்தில் கிடத்தி, எதிர்மருந்தைச் செலுத்தி, உடலில் இருக்கும் ஓபியாய்டை, அதாவது மார்ஃபின் வகை மருந்தை, வலுக்கட்டாயமாக விரட்டும் முறை அது. கண் விழித்த பிறகும் வேதனை நாள்கணக்கில் நீடிக்கும். இதில் இதயம் நின்றும் நுரையீரலில் நீர் கோத்தும் இறந்தவர்கள் உண்டு. இதைச் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. உங்களிடம் பேசியவருக்கு ஆள் சேர்த்தால் எவ்வளவு தரகு என்று கேட்டுப் பாருங்கள். பெயர்ப்பலகையில் 'மறுவாழ்வு' என்று எழுதிக்கொண்டு, உள்ளே முழுநேர மருத்துவர்கூட இல்லாத இடங்களுக்கு ஆள் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கேட்பவர், குடும்பத்தார் பார்க்க வரக் கூடாது என்பவர், என்ன மருந்து கொடுப்போம் என்று எழுதித் தர மறுப்பவர் எவராக இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக அந்த மாத்திரை மூளையில் நோர்அட்ரினலின் என்ற, உடலைப் பரபரப்பாக்கும் வேதிப்பொருளை அழுத்தி வைத்திருந்தது. கையை எடுத்ததும் சுருள்வில் போல அது துள்ளுகிறது. வியர்வை, மயிர்க்கூச்செறிதல், படபடப்பு எல்லாம் அதனால்தான். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும். தூக்கமின்மையும் சோர்வும் சில வாரங்கள் இழுக்கும். பார்க்கக் கொடுமையாக இருந்தாலும் உடல்நலம் உள்ளவர் இதனால் இறப்பது அரிது. இறந்தால் பெரும்பாலும் வாந்தி, பேதியில் நீர் வற்றித்தான். எனவே உப்பு-சர்க்கரைக் கரைசலை வாய் வாயாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டால், சிறுநீர் குறைந்தால், பேச்சு குழம்பினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒன்றை மட்டும் இன்றே தம்பியிடம் கேளுங்கள்: கூடவே தூக்க மாத்திரையோ மதுவோ தினமும் எடுத்தானா? அல்பிரஸோலாம், டயஸெபாம் போன்றவற்றைச் சொல்கிறேன். ஆம் என்றால், நான் மேலே சொன்ன 'அரிது' அவனுக்குப் பொருந்தாது. இவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், சித்தம் கலங்கும், உயிரும் போகலாம். மருந்தை நிறுத்துவதால் வரும் இந்த அவதியை 'விலகல்' என்பார்கள்; இரண்டு விலகலும் சேர்ந்து வரும்போது எது எதனால் என்று வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அவன் மழுப்பினால் அலமாரியைப் பாருங்கள், நண்பர்களைக் கேளுங்கள். சந்தேகம் இருந்தாலே மருத்துவமனைதான்.

உடல் வலிக்குப் பாராசிட்டமால் போதும். பேதிக்கு லோப்பரமைடு கொடுக்கலாம், ஆனால் அட்டையில் எழுதிய அளவைத் தாண்டக் கூடாது. நடுக்கம் குறையட்டும் என்று அதைக் கைநிறைய விழுங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகி வருபவர்கள் உண்டு. படபடப்புக்குக் குளோனிடின் நல்ல மருந்து. இரத்த அழுத்தத்தை இறக்கிவிடும் என்பதால் மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்துத்தான் தர வேண்டும்.

உண்மையில் அவனுக்குத் தேவை புப்ரெனார்பின் அல்லது மெத்தடோன்: விலகல் வேதனையை அடக்க, பழைய மாத்திரைக்குப் பதிலாக மருத்துவர் தரும் ஓபியாய்டு மருந்துகள். இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. ஆனாலும் எழுதிக் கொடுக்கத் தயங்கும் மருத்துவர்கள், படிவத்துக்கு மேல் படிவம் கேட்கும் அலுவலகங்கள், "மன உறுதி இருந்தால் போதும்" என்ற இலவச உபதேசம்! நீரிழிவுக்காரரிடம் யாராவது இப்படிப் பேசுவார்களா? கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். யாரோ கொடுத்த புப்ரெனார்பினை மட்டும் தொடாதீர்கள். விலகல் அறிகுறிகள் நன்றாகத் தெரியும் முன்பே முதல் வேளையைப் போட்டால் அதே வேதனை பன்மடங்காகப் பாய்ந்து வரும். அந்த நேரத்தைக் கணிப்பது மருத்துவர் வேலை. பழைய மாத்திரையையே மீண்டும் தொடங்கி மெல்லக் குறைப்பதா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும். வலி திரும்பியிருந்தால் அதற்கும் அவர் வழி சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் படுக்கவைத்து, "குணமாகிவிட்டது" என்று சீட்டு எழுதி வெளியே அனுப்பும் மையங்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. நிறுத்திய சில நாள்களிலேயே உடலின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. முன்பு சாதாரணமாக எடுத்த அளவே இப்போது மூச்சை நிறுத்தலாம். மீதமிருக்கும் மாத்திரைகளை மருத்துவரிடம் ஒப்படையுங்கள். ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நாலாக்சோன் மருந்து கிடைத்தால் வாங்கி வீட்டில் வைத்து, பயன்படுத்தும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுப்பினால் எழாமல், மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாய்ந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். நாலாக்சோனைக் கொடுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தெளிந்தாலும் தனியே விடாதீர்கள், அந்த மருந்தின் வேகம் தணிந்ததும் மூச்சு மறுபடி அடங்கக்கூடும்.