செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வது?" செல்ஃப் போட்டால் இன்ஜின் சுற்றுகிறதா, 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறதா, ஒன்றுமே நடக்கவில்லையா? பெட்ரோலா, டீசலா? குளிர்ந்த இன்ஜினா, சூட்டில் நின்றதா? இதையெல்லாம் எழுதாதவர்களுக்கு நானும் பதில் எழுதவில்லை. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத வண்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: செல்ஃபை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் கார். இரவு நன்றாக ஓட்டி வந்து நிறுத்தினேன். காலையில் செல்ஃப் வேகமாகவே சுற்றுகிறது, ஆனால் ஒரு இருமல்கூட இல்லை. பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டுகிறது.

பதில்: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, செல்ஃப் போடாமல் காதைத் தீட்டுங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு விநாடிக்கு 'ஊம்' என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் முதலில் ஃப்யூஸ், அப்புறம் ரிலே (பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்). அதே ஃப்யூஸ் பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம், செலவில்லாத சோதனை. ரிலே சரியாக இருந்தும் பம்ப் ஊமையாக இருந்தால், ஒருவர் செல்ஃப் போடும்போது இன்னொருவர் டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டட்டும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் பம்ப் கடைசிக் காலத்தில் இருக்கிறது. அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

சத்தம் வந்துவிட்டால் பம்ப் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஓடுகிற பம்ப் எல்லாமே போதிய அழுத்தம் கொடுக்கும் என்று சொல்ல முடியாது. சாதாரண இன்ஜெக்ஷன் வண்டிகளில் 3 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும், அதை கேஜ் போட்டுத்தான் பார்க்க முடியும். பெட்ரோல் முள் கால் டேங்க் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முள்ளும் பொய் சொல்லும். ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரம் ஓட்டியபின் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆவதில்லை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது.

பதில்: கிராங்க் சென்சார்தான் முதல் சந்தேகம். சூடேறியதும் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் தொடர்பு விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. இந்த சென்சாரின் சிக்னல் இல்லாமல் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஈசியூவுக்கு (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) தெரியாது, ஆகவே ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் திறக்காது. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல வண்டிகளில் அது லேசாக எழும்ப வேண்டும். செத்துக் கிடந்தால் சந்தேகம் வலுக்கிறது. எல்லா மீட்டரும் இதைக் காட்டாது, அதனால் வண்டி நின்றுபோன அந்த நேரத்திலேயே ஸ்கேனர் (ஈசியூவில் உள்ளதைப் படிக்கும் கருவி) போட்டு, சுற்றும்போது 200 ஆர்பிஎம் அளவில் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது நல்லது. ஆறியபின் கொண்டுபோனால் "எல்லாம் சரியாக இருக்கிறதே" என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: மீட்டர் போர்டில் சாவிப் படம் மினுக்குகிறது. ஒரு விநாடி பிடித்து உடனே அணைந்துவிடுகிறது.

பதில்: இம்மொபிலைசர், அதாவது சாவியை அடையாளம் தெரியாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். சாவிக்கொத்தில் வேறு வண்டியின் சாவி இருந்தால் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பிளக், இக்னிஷன் காயில், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் புதிது போட்டாகிவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. இப்போது ஈசியூ போயிருக்கும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். நான்கு உதிரிகள் வாங்கியிருக்கிறீர்கள், ஒரு சோதனைகூட நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. எதையாவது மாற்றி, அது சரியாகிறதா பார்ப்பது பழுது பார்ப்பது ஆகாது. அது உங்கள் பணத்தில் ஆடும் சூதாட்டம். இதில் இன்னொரு கேடும் உண்டு: புதிதாகப் போட்ட ஒவ்வொரு பொருளும் புதிய சந்தேகம். புது பம்ப் மட்டமானதாக இருக்கலாம், கழற்றி மாட்டியதில் கனெக்டர் சரியாக உட்காராமல் போயிருக்கலாம். முதலில் ஒரு பழுது இருந்தது, இப்போது இரண்டு இருக்கலாம்.

பெட்ரோல் இன்ஜின் பிடிக்க வேண்டுமென்றால் சரியான நேரத்தில் ஸ்பார்க், அளவான பெட்ரோல், காற்று, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கும் அமுக்கம்). இவ்வளவுதான். எது இல்லை என்று வண்டியே சொல்லும். பத்து விநாடி சுற்றியபின் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காய்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. பிளக் ஸ்பானரைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். இதைச் செய்திருந்தால் நீங்கள் வாங்கிய நான்கில் இரண்டையாவது வாங்கியிருக்க மாட்டீர்கள்.

பிளக் நனைந்திருந்தால் ஸ்பார்க்கைப் பாருங்கள். ஸ்பார்க் டெஸ்டர் வைத்துத்தான். கையில் பிடித்தோ ஸ்க்ரூடிரைவரை நீட்டியோ பார்க்காதீர்கள். 20, 30 ஆயிரம் வோல்ட் உங்களைத் தூக்கி எறியும், காயிலும் போய்விடும். அருகில் பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் தொடுங்கள். நல்ல ஸ்பார்க் இருந்தும் பிடிக்கவில்லையென்றால் டைமிங், கம்ப்ரஷன் பக்கம் போங்கள். பிளக் காய்ந்திருந்தால், காற்று போகும் வழியில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே கொஞ்சமாக அடித்துச் சுற்றிப் பாருங்கள். ஒரு நொடி பிடித்து அணைந்தால் ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் இருக்கின்றன, பெட்ரோல் மட்டும்தான் குறை. அப்புறம் பம்ப் அழுத்தம், இன்ஜெக்டருக்கு சிக்னல் வருகிறதா என்ற சோதனை. டீசல் வண்டிக்காரர்கள் இந்த ஸ்பிரேயைத் தொடவே கூடாது, குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் சூடான குளோ பிளக்கில் பட்டால் வெடிக்கும்.

ஈசியூவுக்கு வருவோம். அது பழுதாவது அபூர்வம். சாவியை ஆன் செய்ததும் செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால் ஈசியூவுக்குக் கரண்டே போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரிலே, ஃப்யூஸ், எர்த் ஒயர் என்று வரிசையாகப் பாருங்கள். வேலை முடித்து ஈசியூவின் எர்த் ஒயரை மாட்ட மறந்த வண்டிகள் எத்தனையோ. பேட்டரியையும் விடாதீர்கள்: செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், இன்ஜின் சுற்றும், ஈசியூ தூங்கிவிடும். கடைசியாக, ஸ்கேனரில் பி0335 என்று வந்தது என்பதால் கிராங்க் சென்சாரை வாங்க ஓடாதீர்கள். கோட் எந்த சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும் சொல்கிறது. ஒயர் அறுந்தாலும் அதே கோட்தான் வரும்.

மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எதை அளந்து பார்த்து ஈசியூ என்று சொன்னீர்கள்?" பதில் ஒரு எண்ணாக இல்லாவிட்டால் வண்டியை எடுத்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருந்தபோது சட்டென்று அணைந்தது. இப்போது செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராகச் சுற்றுகிறது. கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இனி செல்ஃபும் போடாதீர்கள். கம்ப்ரஷனில் ஏறி இறங்கும் அந்தத் தாளம் இல்லாமல் 'விர்' என்று சுற்றினால், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். ஒவ்வொரு சுற்றும் செலவைக் கூட்டும். மேல் கவரைக் கழற்றி பெல்ட்டைக் கண்ணால் பாருங்கள். அறுந்திருந்தால் வால்வு வளைந்திருக்கிறதா என்று உறுதி செய்தபின்தான் புது பெல்ட். பெரும்பாலான வண்டிகளுக்கு 60 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் பெல்ட் மாற்றச் சொல்லியிருப்பார்கள். கையேட்டைத் திறந்து பார்த்தீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

கேள்வி: டீசல் ஃபில்டரை நானே மாற்றினேன். அதிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பதில்: ஏர் பிடித்திருக்கிறது. ஃபில்டர் மேல் கைப்பம்ப் இருந்தால், அது இறுகும் வரை அமுக்குங்கள். ஏரை வெளியேற்றும் பிளீடிங் ஸ்க்ரூவில் நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் மூடுங்கள். டேங்க்கில் மின் பம்ப் உள்ள வண்டியென்றால் சாவியை நான்கைந்து தடவை ஆன், ஆஃப் செய்தாலே போதும். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் உள்ளது) சுமார் 200 பார் சேராமல் இன்ஜெக்டர் திறக்காது, ஸ்கேனரில் பார்க்கலாம். பழைய பழக்கத்தில் இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்புறம் நீங்கள் போக வேண்டியது மருத்துவமனைக்கு. செல்ஃபுக்கு முதலில் சொன்ன அந்தப் பத்து விநாடிக் கணக்கு உங்களுக்கும்தான்.

கேள்வி: காரைக் கழுவுவதற்காக நான்கடி நகர்த்தி அணைத்தேன். இப்போது பெட்ரோல் வாடை மட்டும் வருகிறது.

பதில்: ஓவர்ஃப்ளோ. உள்ளே பெட்ரோல் அதிகமாகி பிளக் நனைந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்து விநாடி செல்ஃப் போடுங்கள். பெடல் முழுதாக அமுங்கியிருந்தால் இன்ஜெக்டரை ஈசியூ நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உள்ளே காயும். பிடித்ததும் காலை எடுங்கள். மிதித்து மிதித்து விடுவதால் பயனில்லை, அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இரண்டு தடவையில் பிடிக்காவிட்டால் பிளக்குகளைக் கழற்றிக் காயவையுங்கள். அருகில் சிகரெட் கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

கேள்வி: நிறுத்தியிருந்த பைக் சாய்ந்து விழுந்தது. தூக்கி நிறுத்தியபின் செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.

பதில்: விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் வேலை செய்திருக்கிறது. சாவியை ஆஃப் செய்து, சில விநாடி விட்டு ஆன் செய்யுங்கள்.

கேள்வி: பழைய கார். மழை நாளில் மட்டும் காலையில் இருமிவிட்டு நின்றுவிடுகிறது.

பதில்: பிளக் ஒயர்களும், அவற்றுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியும்தான் சந்தேகம். இருட்டில் பானட்டைத் திறந்துவைத்து ஒருவரைச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். பொறி வெளியே தாவும் இடம் தெரியும். மூடியின் உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியுமா?

பதில்: முடியாது. கியர் உள்ள காரிலும் செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது தள்ளுவதில் என்ன லாபம்? செல்ஃப் செய்யும் வேலையைத்தான் உங்கள் தோளும் செய்யப்போகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும்.